படகின் கால்

பிப்ரவரி 2, ஞாயிறு

இனி வரும் பக்கங்களில் எழுதப்போவது:

1. படகின் பின்புறம் தொங்கும் டிரைவ் காலைக் கழற்றி இறக்குதல்.
2. தேய்ந்த பாகங்களை மாற்றுதல்: ரப்பர் துருத்திகள், தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங், தண்ணீர் பம்பின் இம்பெல்லர்.
3. எஞ்சினும் காலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று சரிபார்த்தல்.
4. படகை உப்பங்கழியில் இறக்கி, முகத்துவாரம் கடந்து, புன்னைக்காயல் போய்த் திரும்புதல். கெடு மார்ச் 9.
5. வேலை முழுவதையும் நானே செய்வேன்.
6. இந்த வேலைக்கும் எதிர்வீட்டுத் திருமதி ஜெசிந்தா வாஸ் அவர்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஆறாவது அம்சம் தேவையற்றதாகத் தோன்றலாம். சைலப்பன் கேட்டதால் எழுதி வைக்கிறேன்.

சைலப்பன் என் ஒரே மகன். நேற்றுக் கோவையிலிருந்து வந்து இன்று மாலை திரும்பினான். அங்கே அவன் வீட்டில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கி, கட்டில் வாங்கிப் போட்டு, குளியலறைச் சுவரில் கைப்பிடிகூடப் பொருத்திவிட்டானாம். பழையகாயலில் உள்ள இந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆளும் பார்த்துவிட்டான். மழைக்காலத்தில் கழிக்கரையில் எனக்கு ஒருமுறை கால் வழுக்கியது. அதைப் பெரிதுபடுத்துகிறான்.

"வழுக்கினது இல்லப்பா. காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் சேத்துல கிடந்தீங்க. எதிர்வீட்டு அந்தம்மா பாக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்?"

"பார்த்துட்டாங்களே."

"அடிக்கடி பாப்பாங்களோ?"

நான் பேச்சைப் படகின் பக்கம் திருப்பினேன். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு கப்பல் ஏஜென்சி கழித்துவிட்ட விசைப்படகு அது. ஏலத்தில் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று என் மனைவி இருந்திருந்தால் கேட்டிருப்பாள். இரண்டு வருடம் கழிக்குள்ளேயே ஓட்டினேன். முகத்துவாரத்தைத் தாண்டத் துணிந்ததில்லை. பிறகு உள்ளே நீர் கசியத் தொடங்கியதால் டிரெய்லரில் ஏற்றிக் கொட்டகைக்குள் வைத்துவிட்டேன்.

"அதை இரும்புக்குப் போட்டுருங்கப்பா. அப்புறம் இங்க உங்களுக்கு என்ன வேலை?" என்றான்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. மார்ச் ஒன்பதாம் தேதிக்குள் அந்தப் படகில் புன்னைக்காயல் போய்த் திரும்பினால் நான் இங்கேயே இருப்பேன், முடியாவிட்டால் மறுபேச்சில்லாமல் கோவைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் நான். ஆனால் ஆய்வகத்தில் ஒரு திருகாணியைக்கூட உதவியாளர்தான் முடுக்குவார். எழுபத்தொரு வயதில் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 4

வேலை இன்னதென்று முதலில் எனக்கு நானே விளக்கிக்கொள்கிறேன்.

இந்த வகைப் படகில் எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லர் வெளியே. இரண்டையும் இணைக்கும் தண்டு பின்பலகையில் உள்ள ஓட்டை வழியாக வெளிவந்து, கால் போலத் தொங்கும் பகுதிக்குள் இறங்குகிறது. அந்தக் கால் இடமும் வலமும் திரும்ப வேண்டும், மேலும் கீழும் அசைய வேண்டும். ஆனால் ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வரக் கூடாது. வராமல் பார்த்துக்கொள்வது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் துருத்தி. கொல்லன் உலைத் துருத்தியைச் சிறிதாக்கியது போன்ற தோற்றம். ஒரு சாண் ரப்பர்தான் கடலுக்கும் படகுக்கும் நடுவே நிற்கிறது. இதை யோசித்தால் யாரும் படகில் ஏற மாட்டார்கள். நான் யோசித்துவிட்டேன்.

கழிக்கரையில் எஞ்சின் பழுதுபார்க்கும் கில்பர்ட் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"புரொபசர் சார், இது கரும்பலகை இல்ல. தப்பாப் போட்டா அழிச்சிட்டு எழுத முடியாது."

"புத்தகம் வைத்திருக்கிறேன், கில்பர்ட்."

"புத்தகம் நனையாம பாத்துக்கிடுங்க. காலைக் கழட்டி எறிஞ்சிட்டு வெளிய தொங்குத அவுட்போர்டு எஞ்சின் ஒண்ணு மாட்டிருவோம். அந்தக் கால் எனக்கு வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன்."

அவர் போன பிறகு ஸ்பேனரை எடுத்தேன். கீழே விழுந்தது. பிடி எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது.

பிப்ரவரி 5

ஆறு நட்டுகளில் ஐந்து வந்துவிட்டன. ஆறாவது வரவில்லை. நானும் விடவில்லை.

பிப்ரவரி 7

இன்று கால் இறங்கியது. கொட்டகை உத்தரத்தில் பாரம் இறக்கும் செயின் பிளாக் கட்டி, அடியில் பழைய லாரி டயரைப் போட்டு, அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு இழுத்தேன். டயரின் மேல் அது உட்கார்ந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. யாரோ கை தட்டினார்கள். திருமதி ஜெசிந்தா வாஸ், குடையுடன்.

அவர்கள் தூத்துக்குடித் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர்கள். கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. பேசினால் இரண்டு தெருவுக்குக் கேட்கும்.

"என்ன சார் பண்ணுதீங்க? படகை அறுத்துப் போட்டுட்டீங்க?"

"அறுக்கவில்லை, கழற்றியிருக்கிறேன். சரிசெய்து புன்னைக்காயல் போகப்போகிறேன்."

"புன்னைக்காயலுக்கா? என் தங்கச்சி ரொசிட்டா அங்கதான இருக்கா! பஸ்ஸுல ஆத்தூர் சுத்திப் போயி, இடுப்பு ஒடிஞ்சி, அவ வீட்டுல காப்பி குடிச்சதும் கடைசி பஸ்ஸுக்கு ஓடி வருவேன். போகையில என்னையும் ஏத்திக்கிடுங்க."

படகில் ஆறு பேருக்கு இடம் இருப்பதால் சரி என்றேன். ஆறாவது அம்சம் இதனால் மாறவில்லை.

பிப்ரவரி 11

பாகங்கள் கொச்சியிலிருந்து வந்து சேர்ந்தன. பழைய துருத்தியை விரித்துப் பார்த்தேன். மடிப்புகளின் அடியில் பாளம் பாளமாக வெடிப்பு. இம்பெல்லரின் ரப்பர் இதழ்களில் இரண்டைக் காணோம். பேரிங்கை விரலால் சுற்றினால் மணலை மெல்லும் சத்தம். இந்த நிலையில் இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். தெரியாமல் இருந்ததால்தான் ஓட்டினேன்.

புதிய பேரிங்கை மாட்டும் முன் உறையவைக்க வேண்டும். குளிர்ந்தால் உலோகம் சுருங்கும், அது உட்காரும் குழிக்குள் எளிதாக இறங்கும். பத்தாம் வகுப்புப் பாடம். என் குளிர்பெட்டி சரியாகக் குளிர்வதில்லை என்று தோன்றியதால் எதிர்வீட்டில் கொடுத்துவைத்தேன்.

"சார், உங்க பேரிங்கு ஊளி மீனுக்கும் நெத்திலிக்கும் நடுவுல சொகமா உக்காந்திருக்கு. நீங்க சைவமாச்சே, பரவால்லையா?"

"பேரிங் சைவம் இல்லை."

அவர்கள் சிரித்தார்கள். நான் அறிந்து இதுவரை யாரும் என் நகைச்சுவைக்குச் சிரித்ததில்லை. வகுப்பில்கூட.

பிப்ரவரி 12

பேரிங் உள்ளே போய்விட்டது. கிரீஸ் ஓட்டையும் உறையின் ஓட்டையும் நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று மூன்று முறை பார்த்தேன். இருக்கின்றன. நான்காவது முறையும் பார்த்தேன்.

பின்குறிப்பு: இன்று தற்செயலாகக் கவனித்தேன். என் குளிர்பெட்டியில் ஐஸ் நன்றாகவே உறைந்திருக்கிறது.

பிப்ரவரி 16

துருத்தி மாட்டும் வேலை. இதைவிட ஒரு காளைக்குச் சட்டை போட்டுவிடலாம். ஒரு முனையைப் பசை தடவி ஏற்றினால் மறுமுனை நழுவுகிறது. சுற்றிவர இறுக்கும் கிளாம்பின் திருகாணி மிகச் சிறியது. ஸ்குரூடிரைவரின் நுனி அதன் பள்ளத்தில் நிற்க மறுக்கிறது. மிக மோசமாகத் தயாரிக்கப்பட்ட திருகாணி.

ஜெசிந்தா அம்மையார் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் என் மணிக்கட்டுக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கினார்கள். நுனி பள்ளத்தில் நின்றது. திருகாணி இறுகியது.

டார்ச் பிடிப்பதும் தாங்குவதும் வேலையில் சேராது. ஐந்தாவது அம்சம் நிற்கிறது.

பிப்ரவரி 20

நேர்க்கோட்டைச் சரிபார்க்க, தூத்துக்குடி லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய இரும்புத் தண்டைப் பேரிங் வழியாக எஞ்சினுக்குள் செலுத்திப் பார்த்தேன். இடித்தது. எஞ்சினின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கிறது. தாங்கியின் நட்டைத் தளர்த்தி, மயிரிழை இறக்கி, மறுபடி செலுத்தி, மறுபடி இறக்கி, காலையெல்லாம் இதே. கடைசியில் தண்டு இரண்டு விரலில் பிடித்துத் தள்ளவே வழுக்கிக்கொண்டு போய் எஞ்சினைத் தொட்டது. அந்த உணர்வை எழுத எனக்கு மொழி போதாது.

பிப்ரவரி 23

கால் மறுபடி ஏறிவிட்டது. தண்டின் பற்கள் எஞ்சினின் பற்களோடு பொருந்த, ஒருவர் காலைத் தள்ளும்போது இன்னொருவர் புரொப்பெல்லரை மெல்லச் சுற்ற வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது என்று புத்தகமே சொல்கிறது. எனவே இது என் குறை அல்ல.

"எப்படி சார், ஆட்டுக்கல்லு சுத்துத மாதிரியா?"

"அதைவிட மெதுவாக."

"எங்க வீட்டு ஆட்டுக்கல்லை நீங்க பாத்ததில்ல. அது இதைவிட மெதுவா."

டொக் என்று உள்ளே போய் உட்கார்ந்தது. இருவரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றோம்.

அமாவாசைக் கடல் ஏற்றத்தில்தான் டிரெய்லரைக் கழியில் இறக்க நீர் போதும். அதற்குள் திருநெல்வேலியில் உறவுக்காரர் வீட்டுத் திருமணம். போகாவிட்டால் பேச்சு வரும். படகைப் பார்த்துக்கொள்ளும்படி ஜெசிந்தா அம்மையாரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 26

திரும்பினேன். திருமணத்தில் எல்லோரும் கோவைக்கு எப்போது போகிறீர்கள் என்றே கேட்டார்கள். சைலப்பன் எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.

கொட்டகையில் மீன்வாடை வழக்கத்தைவிட அதிகம். எனக்கு இந்தக் கரையின் வாடைகள் எல்லாம் ஒன்றுதான், பிரித்தறியத் தெரியாது. காற்று திசை மாறியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 28

மூழ்கப் பார்த்தது.

கில்பர்ட்டின் டிராக்டரால் டிரெய்லரை இறக்கினோம். (வேலை செய்தது டிராக்டர்தான், கில்பர்ட் அல்ல.) படகு மிதந்தது. எஞ்சினும் உடனே பிடித்தது. கரையில் நின்ற ஜெசிந்தா அம்மையார் கையை உயர்த்தினார்கள், நானும் உயர்த்தினேன். பிறகு எஞ்சினுக்குக் கீழே பார்த்தேன். தண்ணீர். கணுக்காலைத் தொட்டுவிட்டது. எனக்கு நீந்தத் தெரியாது. கில்பர்ட் பார்த்துவிட்டு டிராக்டரைத் திருப்பியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதவேண்டியதில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா," என்றார். அவர் கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மாலை சைலப்பன் போனில் கேட்டான். சொன்னேன்.

"சரிப்பா. முயற்சி பண்ணிட்டீங்க, போதும். ஒம்பதாந்தேதி கார் எடுத்துட்டு வர்றேன்."

அவன் குரலில் வெற்றி இல்லை, நிம்மதி இருந்தது. அதுதான் என்னைக் குத்துகிறது. கிளாம்பை நான் சரியாக இறுக்கவில்லை. வேறு காரணம் இருக்க முடியாது. என் கை.

மார்ச் 1

கிளாம்ப் சரியாக இருக்கிறது.

காலைக் கழற்றித் துருத்தியை வெளியே எடுத்தேன். அடிப்பக்க மடிப்பில் ஓட்டைகள். வெடிப்பல்ல, கிழிசலும் அல்ல. இரட்டை இரட்டையாகச் சிறு பள்ளங்கள், நடுவில் ரப்பர் துணுக்குத் துணுக்காகப் போயிருக்கிறது. பெருச்சாளி கடித்திருக்கிறது. மூன்று வருடம் இந்தக் கொட்டகையில் கிடந்த பழைய துருத்தியை ஒரு பெருச்சாளியும் தொட்டதில்லை. புதியதில் மட்டும் என்ன ருசி? விரலால் தடவினேன். வழுவழுவென்று மஞ்சளாக ஏதோ ஒட்டியது. முகர்ந்தேன். அன்றைக்கு அடித்த அதே வாடை.

அப்போது ஜெசிந்தா அம்மையார் வந்தார்கள்.

"ரப்பரு பளபளன்னு இருக்கா சார்? நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தீங்கள்லா, அப்ப ரெண்டு கை சாளை மீன் எண்ணெ பூசி வச்சேன். எங்கப்பா வருசா வருசம் வள்ளத்துக்கு அடிப்பாரு. மரம் முப்பது வருசம் நின்னுச்சி. வெயிலுல ரப்பரு வெடிக்கக் கூடாதுன்னு மடிப்பு மடிப்பா விரிச்சி விட்டுப் பூசினேன். சொல்லாம செஞ்சிட்டேன், கோவமா?"

"இல்லை."

"பின்ன ஏன் தண்ணி ஏறுச்சி?"

"கிளாம்பை நான் சரியாக இறுக்கவில்லை," என்றேன்.

துருத்தியை ஒரு சாக்கில் சுருட்டி வைத்தேன். சொன்னது பொய் என்று எழுதும்போது தெரிகிறது. சொல்லும்போது அப்படித் தோன்றவில்லை.

மார்ச் 3

கொச்சிக் கடையில் கேட்டேன். அதே அளவுத் துருத்தி வரப் பதினைந்து நாளாவது ஆகும். ஒன்பதாம் தேதிக்கு வாய்ப்பில்லை.

கில்பர்ட் கொட்டகைக்கு வந்து சாக்கைப் பிரித்துப் பார்த்தார். கடியைப் பார்த்தார், எண்ணெயை முகர்ந்தார். கடற்கரையில் பிறந்தவர், ஒரு நொடிதான் ஆனது.

"யாரு சார் இதுல சாளை எண்ணெயைப் போட்டது? பெருச்சாளிக்கு விருந்துல்லா வச்சிருக்கு!"

"எப்படியோ பட்டிருக்கிறது."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, "டியூப் ரப்பரை வச்சி ஒட்டித் தாறேன். ஒரு தடவை போயிட்டு வரத் தாங்கும். உங்க மகன் கேட்ட கணக்குத் தீந்துரும்," என்றார்.

நெடுநேரம் யோசித்தேன். ஒட்டுப்போட்ட துருத்தியோடு போய்த் திரும்பிவிடவும் கூடும். சொன்ன வாக்கும் காப்பாற்றப்படும். ஆனால் முகத்துவாரத்தில் ஒட்டு விட்டுவிட்டால்?

"வேண்டாம். இரண்டு பேர் போகிற படகு," என்றேன்.

"ரெண்டு பேரா? யாரு சார் அந்த ரெண்டாவது ஆளு?"

கை கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 5, புதன்

ஜெசிந்தா அம்மையார் காலையில் கோவிலிலிருந்து நேராக இங்கே வந்தார்கள். இன்று அவர்களுக்குத் தவக்காலம் தொடக்கம். நெற்றியில் சாம்பல். நான் குளித்துத் திருநீறு பூசியிருந்தேன்.

"இன்னைக்கு ரெண்டு பேரு நெத்தியிலயும் சாம்பலு. ஈஸ்டர் வரைக்கும் நானும் உங்களை மாதிரி சைவந்தான். இந்தாங்க, கத்திரிக்காய்ப் புளிக்கொழம்பு." பாத்திரத்தை மேசையில் வைத்த வேகத்தில் மூடி எகிறியது. "இப்ப சொல்லுங்க. கிளாம்பு இறுகலையாக்கும்?"

மூடியைத் தேடி எடுத்துப் பாத்திரத்தை மூடினேன்.

"கில்பர்ட்டு சொல்லிட்டான். ஊருக்கே சொல்லிட்டான். நான் பூசின எண்ணெயில பெருச்சாளி கடிச்சி, அதுல உங்க படகு முங்கி, அதுக்கு உங்க கைய நீங்களே குத்தஞ் சொல்லி, உங்க மகன் கிட்டயும் அப்படியே சொல்லி... நான் என்ன சார், கண்ணாடி டம்ளரா? சொன்னா ஒடஞ்சிருவனா?"

"வருத்தப்படுவீர்கள் என்று..."

"வருத்தந்தான். அதை நான் பட்டுக்கிடுதேன். அதையும் நீங்களே பட்டா எனக்கு என்ன மிச்சம்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ஒம்பதாந்தேதி உங்க மகன் வரட்டும். நானே பேசுதேன். எண்ணெ பூசினது நாந்தான்னு சொல்லுதேன். கெடுவைத் தள்ளிப்போடச் சொல்லுதேன்."

"வேண்டாம். நான் பேசுகிறேன்."

"நீங்களா?"

அந்தக் கேள்வியில் இருந்த ஆச்சரியம் நியாயமானதுதான். ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

"நான்தான்," என்றேன்.

மார்ச் 8

நாளை பேச வேண்டியதை ஏழு தலைப்புகளாக எழுதினேன். படித்துப் பார்த்தேன். மன்னிப்புக் கடிதம் போல இருந்தது. கிழித்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சைலப்பன் பத்து மணிக்கு வந்தான். நான் பெட்டி கட்டியிருக்கவில்லை. அவன் அதை முதலில் கவனிக்கவில்லை. என் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"என்னப்பா, துணிமணி அப்படியே இருக்கு?"

"நான் வரலை."

"நீங்க சொன்ன தேதிப்பா. நான் சொன்னது இல்ல."

"ஆமா. நான்தான் சொன்னேன். இப்ப மாத்திச் சொல்றேன்."

"வாக்கு குடுத்தீங்க."

"வாக்குத் தவறிட்டேன்னு வச்சுக்கோ."

அவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். அவன் முகத்தில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம். சிறுவயதில் நாடக ஒத்திகைக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனதற்காக அவனை வீட்டிலேயே உட்காரவைத்தவன் நான்.

"உங்க கை நடுங்குதுப்பா. நான் பாக்கலைன்னு நினைச்சீங்களா? போன வருசம் தீபாவளிக்கே பாத்தேன். டம்ளர் பிடிக்க ரெண்டு கை வேணும் உங்களுக்கு."

இந்தக் குறிப்பேட்டில் இதை நான் எங்கும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

"நடுங்கட்டும்," என்றேன். "நடுங்குற கையாலதான் அந்தக் காலைக் கழட்டினேன். நடுங்குற கையாலதான் பேரிங் மாட்டினேன். கொட்டகைக்கு வந்து பாரு. எஞ்சின் நேர்க்கோட்டை ஒரு மயிரிழை குறை சொல்லு, கார்ல ஏறிடறேன்."

வந்தான். அவன் பொறியாளன். தண்டைச் செலுத்திப் பார்த்தான், இழுத்தான், மறுபடி செலுத்தினான். தண்டு எங்கும் இடிக்கவில்லை.

"மறுபடி விழுந்தா?"

"விழுந்தா எழுப்ப ஆள் இருக்கு. உன் வீட்டுக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நாளெல்லாம் விழாம இருந்து நான் என்ன செய்ய?"

"அந்தம்மாவுக்காகவா?"

"துருத்தி பதினெட்டாம் தேதி வந்துடும்," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அவன் அம்மாவின் பார்வை அது. பிறகு, "சாப்பாடு இருக்கா?" என்று கேட்டான். இன்று காலையும் எதிர்வீட்டுப் புளிக்குழம்பு வந்திருந்தது. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். யார் வைத்தது என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இருட்டும் முன் தனியாகத் திரும்பிப் போனான். கார் திரும்பும்போது எதிர்வீட்டு வாசலைப் பார்த்துத் தலையசைத்தான். சம்மதமா, விடைபெறலா என்று எனக்குத் தெரியவில்லை.

வாக்குத் தவறியதற்காக வருந்தவில்லை.

மார்ச் 19

துருத்தி வந்தது. பேரிங்கில் ஏறிய உப்புநீரைக் கழுவி, சுற்றிப் பார்த்து, புதிதாகக் கிரீஸ் ஏற்றினேன். சத்தமில்லை.

மார்ச் 21

இருவரும் சேர்ந்து மாட்டினோம். நான் முனையைப் பிடித்துக்கொண்டேன், கிளாம்பை ஜெசிந்தா இறுக்கினார்கள். போனமுறை காலையெல்லாம் ஆன வேலை காப்பி ஆறும் முன் முடிந்தது. கொட்டகையைச் சுற்றிக் கம்பிவலை அடித்திருக்கிறோம். ஐந்தாவது அம்சத்தைப் பற்றி இனி எழுதுவதில்லை.

மார்ச் 29

அமாவாசை ஏற்றம். படகை இறக்கிக் கட்டியாயிற்று. எஞ்சினுக்குக் கீழே செய்தித்தாளை விரித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் செய்தித்தாளை எடுத்து விளையாட்டுப் பக்கம் முழுவதும் படித்தேன். அவ்வளவு உலர்வாக இருந்தது.

ஜெசிந்தா முதல் பூசை முடித்து வந்தார்கள். இருவரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டோம். கில்பர்ட் கயிற்றை அவிழ்த்தார்.

"புரொபசர் சார், திரும்பி வருவீங்களா, அங்கேயே குடித்தனமா?"

"போடா அந்தப் பக்கம்," என்றார்கள் ஜெசிந்தா.

கழிக்குள் நன்றாக ஓடியது. முகத்துவாரத்தில் ஆற்றுநீரும் கடல்நீரும் முட்டுகிற இடத்தில் அலை எழுந்து எழுந்து மடிந்தது. படகின் மூக்கு ஒருமுறை உயர்ந்து தொப்பென்று விழுந்தது. ஒரு சாண் ரப்பர். வேகத்தைக் குறைத்தேன். திரும்பிவிடலாம் என்று கை தானாகவே சக்கரத்தைத் திருப்பத் தொடங்கியது.

ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பயமா இருந்தாத் திரும்புங்க சார். தப்பே இல்ல. ஆனா எனக்காகன்னு சொல்லித் திரும்பாதீங்க. எனக்குப் பயமில்ல."

"எனக்கு இருக்கிறது."

"இருக்கட்டும். அதையும் ஏத்திக்கிட்டுப் போவோம்."

சக்கரத்தை நேராக்கினேன். வேகத்தைக் கூட்டினேன். படகு அலையை வெட்டிக்கொண்டு ஏறியது. இரண்டாவது அலை, மூன்றாவது, பிறகு எண்ணவில்லை. நான் சத்தமாக ஏதோ கத்திக்கொண்டிருந்தேன் என்று ஜெசிந்தா பிறகு சொன்னார்கள். என்ன கத்தினேன் என்று சொல்ல மறுக்கிறார்கள்.

புன்னைக்காயல் கரையில் அவர்களின் தங்கை ரொசிட்டா நின்றிருந்தார். அக்காவைக் கையைப் பிடித்து இறக்கி, கட்டிக்கொண்டு, ஓய்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தார். கிரீஸ் படிந்த சட்டை, நனைந்த வேட்டி.

"யாருக்கா இது? படகுக்காரரா?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தார்கள். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த நாலைந்து பேரும் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் படகிலேயே உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் எந்த வில்லங்கமும் இல்லை. வாழ்நாள் முழுவதும் நான் சொல்லியிருக்கக்கூடிய பதில் அதுதான்.

"படகுக்காரன்தாம்மா," என்றேன். "ஆனா உங்க அக்காவைத் தவிர வேற யாரையும் ஏத்துறதில்ல."

வலைக்காரர்களில் ஒருவர் சீட்டியடித்தார். ஜெசிந்தா முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி, "இறங்கி வாங்க, காப்பி ஆறிரும்," என்றார்கள். சார் என்று சொல்லவில்லை.

மாலை ஏற்றத்தில் திரும்பினோம். சைலப்பனுக்குப் போன் செய்து, போய்வந்துவிட்டேன் என்று சொன்னேன். தனியாகவா என்றான். இல்லை என்றேன். அடுத்தமுறை வரும்போது தன்னையும் ஏற்றிக்கொள்வேனா என்று கேட்டான். அவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முதல் நாள் எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். முதல் மூன்றும் முடிந்தன. நான்காவது, கெடு தவறி முடிந்தது. ஐந்தாவதைப் பற்றி எழுதுவதில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஆறாவது தவறு. எழுதிய அன்றே தவறு.